போகம்பறைச் சிறைச்சாலை

இலங்கையின் கண்டி நகர மத்தியில் 1876 முதல் 2013 இறுதிவரை இயங்கிய உயர்பாதுகாப்புச் சிறை. கொழும்பின் வெலிக்கடைக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய சிறையாக இருந்தது இதுவே. பிலிமத்தலாவை, பேராதனைப் பக்கமிருந்து பஸ்ஸில் கண்டிக்கு வருவோருக்கு இதன் மதில் அன்றாடக் காட்சி.

சிறை எழுமுன்பே போகம்பறைக்குக் கொலைக்களப் பெயர் உண்டு. முதலமைச்சரான ‘மகா அதிகாரம்’ பிலிமத்தலாவையின் தயவால் 1798இல் அரியணை ஏறிய கண்டி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பின்னர் அந்த அதிகாரத்துக்கே மரண தண்டனை விதித்தார். அடுத்து அந்தப் பதவிக்கு வந்த எகலப்பொல ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்ததும், 1814இல் அவருடைய பிள்ளைகளின் தலைகள் வெட்டப்பட்டன. மனைவி குமாரிகாமியைப் போகம்பறை வாவியில் அமிழ்த்திக் கொன்றனர். மறு ஆண்டே பிடிபட்ட மன்னர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டார்.

போகம்பறைச் சிறையைப் பாரிஸின் பாஸ்டீல் சிறையைப் பார்த்துக் கட்டியதாகச் சொல்வார்கள். 1876இல் இது எழுந்தபோது, பாஸ்டீலை மக்கள் தகர்த்து 87 ஆண்டுகள் ஆகியிருந்தன.

போகம்பறையின் கதவும் ஒருமுறை திறந்தது. இரண்டாம் உலகப் போரை எதிர்த்ததற்காக 1940இல் கைதான லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் இங்கே அடைபட்டிருந்தனர். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. இரண்டே நாளில், 7ஆம் திகதி இரவு, நால்வரும் தப்பினர். அவர்கள் பேசி வசப்படுத்திய சிறைக்காவலர் ஒருவர் தாமும் கூடவே கிளம்பிவிட்டார். தலைவர்களில் சிலர் கடல்கடந்து இந்தியா சேர்ந்தனர். பெரேரா பிற்காலத்தில் நிதியமைச்சர். 1972 குடியரசு யாப்பை வரைந்த அமைச்சர் கொல்வின்.

வெலிக்கடையைப் போல் இங்கும் தூக்குமேடை இருந்தது. 524 பேர் தூக்கிலிடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் அதிகம் பேசப்படுபவர் ‘மரு சிரா’ எனப்பட்ட சிறிபால. பலமுறை சிறையிலிருந்து தப்பியவர் என்பதால், 1975இல் தண்டனைக்கு முன் அவருக்கு மயக்கமருந்து கொடுத்துவிட்டார்கள். நினைவிழந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவந்தே கயிற்றை மாட்டினர். அவர் கதை 1978இல் ‘சிறிபால சஹ ரன்மெனிகா’ என்ற சிங்களப் படமானது. 1976க்குப் பின் நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் நீதிமன்றங்கள் இன்றும் மரண தண்டனை விதிக்கின்றன.

2014 பிறந்ததும் சிறை மூடப்பட்டது. கைதிகள் பல்லேகலையில் கட்டிய தும்பறைச் சிறைக்கு மாற்றப்பட்டனர். கட்டடத்தைச் சுற்றுலாத் தலமாக்கும் பேச்சு நீண்டுகொண்டிருக்க, 2020இல் கொரோனா தனிமைப்படுத்தலுக்காக மீண்டும் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அந்த நவம்பரில் தப்பியோட முயன்ற ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.