பழைய காரின் கம்பிகளில் ஒரு வரலாறு

1957 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15 ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானியரின் குண்டுவீச்சுக்கு இலக்கான சீனன்குடா விமானத்தளத்தைப் பற்றியும், அதனை அண்டிய காட்டினுள் இன்றும் எஞ்சி நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியும் எழுதியோர் பலர். அவர்கள் எழுதாது விட்ட பிரித்தானிய எச்சம் ஒன்றுண்டு. மோட்டார் காரின் பற்றறியில் நேர்முனையை வண்டியின் உடலோடு பிணைக்கும் வழக்கமே அது. 1930களின் நடுப்பகுதி தொடக்கம் 1960களின் பிற்பகுதி வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட கார்களிற் பெரும்பாலானவை இவ்வழக்கத்தையே கைக்கொண்டன. நம் கராச்சுகளில் இதற்குப் ‘பொசிற்றிவ் ஏர்த்’ என்று பெயர்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் இவ்வகைக் கார்களுள் நம் நாட்டவர்க்கு மிகவும் அறிமுகமானது. ஆசிரியரும் வைத்தியரும் வாடகைக்கார்ச் சாரதியும் அதனை வைத்திருந்தனர். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் கார் இறக்குமதி இறுக்கப்பட்டதும், ஓடிக்கொண்டிருந்த கார்களே தொடர்ந்து ஓடவேண்டியதாயிற்று. 1977 இல் இறக்குமதி தளர்ந்தபின் யப்பானியக் கார்கள் வந்திறங்கின. அவை பழுதுற்று உடைக்கப்பட்டபோது எஞ்சிய உறுப்புகள் பழைய ஆங்கிலக் கார்களுட் குடியேறின. அவற்றுள் ஒன்றுதான் ஓல்ரனேற்றர்.

தைனமோ பழையது, ஓல்ரனேற்றர் புதியது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. பரடே 1831 இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். மறு ஆண்டிற் பாரிசில் பிக்சி என்பார் செய்த கைச்சுழற்றிப் பொறி முதலிற் பிறப்பித்தது ஆடலோட்டமே. அன்று அதற்குப் பயன் காணாமையால், திசைமாற்றி ஒன்றைப் பொருத்தி அதனை நேரோட்டமாக்கினர். அத்திசைமாற்றியே பின்னர் கார்த் தைனமோவின் குறைபாடாயிற்று. வண்டிக்கு வேண்டிய மின்னோட்டம் முழுவதும் சுழலும் சுருளிற் பிறந்து, கரித் தூரிகைகளின் வழியாகவே வெளிவரவேண்டும். வேகம் குறைந்தால் மின் இல்லை. வேகத்தை மிகக் கூட்டினால் திசைமாற்றி தாங்காது. ஓல்ரனேற்றரிலோ பெருமின்னோட்டம் அசையாச் சுருளிற் பிறக்கின்றது. தூரிகைகள் சுமப்பது காந்தத்தை உண்டாக்கும் சிறிய ஓட்டத்தை மட்டுமே. சிலிக்கன் இருவாயிகள் மலிவடைந்த பின்னரே இது கார்களுக்கு இயலுவதாயிற்று. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1960 ஆம் ஆண்டின் வலியன்ற் காரில் இதனைப் பொருத்தியது.

சீனன்குடாவில் ஒரு மொறிஸ் மைனருக்கு இம்மாற்றம் செய்யப்படுவதை அண்மையிற் பார்த்தேன். அதன் ஒழுங்கை ஈண்டுக் கூறுதல் தகும். முதலிற் பற்றறியைக் கழற்றி முனைகளை மாற்றுகின்றனர். நேர்முனைக் குமிழ் மற்றையதிலும் பருத்ததாகையாற் பழைய பிடிகள் பொருந்தா. பின்னர் எரிபற்றற் சுருளின் இரு கம்பிகளையும் இடம் மாற்றுகின்றனர். தொடக்க மோட்டாரைத் தொடுவதில்லை. அதன் காந்தமும் சுழலியும் ஒருங்கே திசைமாறுவதால் அது முன்போலவே சுழலும். அடுத்தது, நம்மவர் ‘கட்டவுட்’ எனும் கட்டுப்பாட்டுப் பெட்டி. பற்றறியின் மின் தைனமோவினுட் திரும்பிப் பாயாது தடுப்பதும் அழுத்தத்தைச் சீர்செய்வதும் அதன் தொழில். முதலாவதை ஓல்ரனேற்றரின் இருவாயிகளும், இரண்டாவதை அதனுள்ளேயே அமைந்த சீராக்கியும் செய்துவிடுகின்றன. ஆகவே பெட்டியின் ஏ, ஏ1 கம்பிகளை ஒன்றாக இணைத்து, டீ கம்பியை எச்சரிக்கை விளக்கின் கம்பியோடு சேர்த்து, எவ் கம்பியை மூடிவிடுகின்றனர். லூக்காஸ் சி40 தைனமோ தரக்கூடியது 22 அம்பியர். அதே நிறுவனத்தின் 17ஏசீஆர் ஓல்ரனேற்றர் 36 அம்பியர் தரும். பழைய கம்பி இதனைத் தாங்காமையாற் பருத்த கம்பியொன்றைப் புதிதாக இழுக்கவேண்டும். சிக்கனம் கருதி இதைத் தவிர்ப்போரும் உளர். கம்பி உருகி நெருப்புப் பற்றுவதற்கு அதுவே போதும். முனைகளை மாற்ற மறந்தாலோ இருவாயிகள் கணத்திற் கருகும்.

செந்நிற எச்சரிக்கை விளக்கு வெறும் அறிகுறியன்று. ஓல்ரனேற்றரின் காந்தத்தை எழுப்பும் முதல் மின்னோட்டம் அதனூடாகவே பற்றறியிலிருந்து செல்கின்றது. தைனமோவுக்கு அந்தத் தயவு வேண்டியதில்லை. அதன் இரும்பில் எஞ்சிய காந்தமே அதனை எழுப்பிவிடும். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் 1990 இன் பின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர் அவ்வாறு எண்ணார்.

பொருளாதாரத் தடையினாற் பெற்றோலும் பற்றறியும் அங்கு செல்லாத அவ்வாண்டுகளில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குறைந்த அமுக்கவிகிதம் கொண்ட பழைய இயந்திரங்களே அதனைப் பொறுத்தன. புதிய யப்பானியக் கார்கள் கொட்டில்களில் உறங்க, நோயாளரையும் மணமக்களையும் சுமந்தவை இவையே. பழைய காரில் ஒரு மாற்றமும் செய்யலாகாது என வாதிடும் சேகரிப்பாளர்களோடு நான் உடன்படாமைக்கு இதுவே காரணம். அக்கார்கள் பிழைத்தது மாற்றத்தினால். 2020 மார்ச்சில் மீண்டும் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்திலும் கராச்சுகளுக்கு வேலை குறையவில்லை.

அத்தடைக்காலத்து யாழ்ப்பாணத்தில் வீட்டு வானொலிக்கும் மின்கலம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிபடியைச் சுற்ற, ஏனையோர் தைனமோ மின்னிற் செய்தி கேட்டனர். அச்சிறு பொறியுட் சுழல்வது நிலைக்காந்தம், சுருள் அசைவதில்லை, திசைமாற்றியும் இல்லை. பெயர் தைனமோவாயினும் அது பிறப்பிப்பது ஆடலோட்டமே. வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். இடையில் ஓர் இருவாயியைப் பற்றவைத்துக் கொடுக்க அறிந்தவர் அன்று ஊருக்கு ஒருவராவது இருந்தனர்.