முன்பனியில் வெளியே வந்தவர்கள்

தமிழ் ஆண்டை ஆறு பொழுதுகளாகப் பிரித்தவர்கள் மார்கழிக்கும் தைக்கும் முன்பனி என்று பெயர் வைத்தார்கள். தொல்காப்பியம் இந்தப் பொழுதைக் குறிஞ்சிக்கு உரியதாக்குகிறது. குறிஞ்சி என்றால் கூடல். காவலை மீறி இரவில் சந்தித்துக்கொள்வது. ஆகவே நம் இலக்கணத்திலேயே பனிக்காலம் என்பது போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் முடங்கும் காலமாக இல்லை. யாரோ ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் காலமாக இருக்கிறது.

இன்று மார்கழி என்றால் நம் நினைவில் எழுவது வாசல் கோலம், சாணப் பிள்ளையாரில் செருகிய பூசணிப்பூ, கோயில் ஒலிபெருக்கி, சுடச்சுட வெண்பொங்கல், திருவாதிரைக் களி, சென்னை என்றால் சபாக் கச்சேரி. இவை எல்லாமே இன்பங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காட்சியில் பெண் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். வாசலில் குனிந்து நிற்கிறாள். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அவள் நின்ற இடம் வாசல் அல்ல, ஆறு. ஆற்றிலிருந்து வாசலுக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பரிபாடலின் பதினொன்றாம் பாடல் வையையைப் பற்றியது; பாடியவர் நல்லந்துவனார். மழை ஓய்ந்து குளிர் இறங்கிய பனிக்காலம், திருவாதிரை நாள். இளம்பெண்கள் அம்பா ஆடல் என்னும் நோன்பாடலுக்காக விடியலில் ஆற்றுக்கு வருகிறார்கள். முறை தெரிந்த மூத்த பெண்கள் வழிகாட்டுகிறார்கள். வாடைக்காற்றில் நனைந்து நடுங்கி, கரையில் அந்தணர் வளர்க்கும் வேள்வித் தீயின் அருகே நின்று ஈர உடையைக் காய வைக்கிறார்கள். எனக்கு இந்தப் பாடலில் மிகவும் பிடித்த இடம் அதுதான். வேதியரின் தீ அவர்களுக்குக் குளிர்காயும் நெருப்பு!

தைந்நீராடல் என்று பிற சங்க நூல்களும் இதைக் குறிக்கின்றன. மார்கழி முழுநிலவில் தொடங்கித் தை முழுநிலவில் முடியும் ஒரே நோன்புதான் இரு மாதப் பெயராலும் வழங்கியது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. நற்றிணையின் 22ஆம் பாடலில், தினையைக் கசக்கிக் கன்னம் புடைக்க அடக்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி உண்ணும் மந்திக்கு, தை மாத நோன்பை முடித்து உண்ண அமர்ந்தவர்கள் உவமையாகிறார்கள். நனைந்த உடம்பு, பசித்த வயிறு, வாய் நிறையச் சோறு. நோன்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் ஒடுக்கத்தை நினைக்கிறோம். அந்தப் புலவருக்கு நினைவு வந்தது சாப்பாடு.

ஆண்டாளின் திருப்பாவையிலும் இந்த உடம்பு இருக்கிறது. 30 பாடல்களில் ஆறு முதல் பதினைந்து வரையிலான பத்தும் தோழியரை எழுப்பும் பாடல்கள். ஒருத்தி தூங்குமூஞ்சி, ஒருத்தி செல்வ வீட்டுப் பெண், ஒருத்தி உள்ளிருந்தே வாய் பேசுகிறவள். ஒவ்வொரு வீட்டு முன்னும் கேலி, கோபம், கெஞ்சல். நெய்யும் பாலும் உண்ணமாட்டோம், மையிடமாட்டோம், பூச்சூடமாட்டோம் என்று தொடங்கிய நோன்பு, இருபத்தேழாம் பாடலில் தோள்வளையும் தோடும் பாடகமும் புத்தாடையும் அணிந்து, முழங்கை வழியே நெய் வழிய எல்லோருமாகச் சேர்ந்து பால்சோறு உண்பதில் போய் முடிகிறது. மாணிக்கவாசகரின் திருவெம்பாவையிலும் தோழியை எழுப்புதல் உண்டு. காதணியும் கூந்தலும் ஆட, குளத்து நீரைக் கலக்கி ஆடுவதும் உண்டு. அந்தப் பெண்கள் தங்களுக்கு எப்படிப்பட்ட கணவன் வேண்டும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். தந்தையிடம் போய்ச் சொல்லவில்லை. நேரே சிவனிடம் நிபந்தனை வைக்கிறார்கள்.

இரண்டு பாவைப் பாட்டுகளுக்கும் பொதுவானவை மூன்று: பெண்கள் கூட்டமாக இருக்கிறார்கள், விடியுமுன் தெருவில் நடக்கிறார்கள், தமக்கு வேண்டியதைத் தாமே கேட்கிறார்கள். பின்வந்த காலம் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கழன்றது கூட்டம். வைணவ உரைமரபில் ஒரு வாசிப்பு உண்டு. எழுப்பப்படும் பத்துப் பெண்களையும் பத்து ஆழ்வார்களாகக் கொள்வது. பக்தி நோக்கில் அது அழகான வாசிப்பு. அதற்குப் பின்னால் பெரும் புலமையும் இருக்கிறது. ஆனாலும் விளைவைப் பார்க்க வேண்டும். தூங்குமூஞ்சித் தோழிகள் அனைவரும் ஆண் அடியார்களாகிவிட, தெருவில் எஞ்சுகிறவள் ஆண்டாள் ஒருத்திதான். ஒரு பெண் தெய்வமாகலாம். பத்துப் பெண்கள் தோழிகளாகவே இருப்பதுதான் கடினம் போலிருக்கிறது.

அடுத்து கழன்றது நடை. இருபதாம் நூற்றாண்டில் மார்கழி விடியலில் தெருவில் பாடிக்கொண்டு நடந்தவர்கள் பஜனைக் கோஷ்டியார். மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய பஜனை புகழ்பெற்றது. சிற்றூர்களில் எங்கள் வீட்டு ஆண்களும் குளித்துத் திருநீறு பூசி, கையில் தாளத்தோடு போனார்கள். பெண்கள் நடந்துகொண்டே பாடுவதாக எழுதப்பட்ட பாட்டைப் பெரும்பாலும் ஆண்கள் நடந்துகொண்டே பாடினார்கள். பாட்டு கடந்து போகும்போது பெண்கள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் ஒதுங்கி நின்றார்கள்.

வாசலும் எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கவில்லை. எங்கள் ஆச்சிக்கு இருபத்தெட்டு வயதில் தாத்தா இறந்துபோனார். அதன்பின் நல்ல நாள் கோலத்தில் ஆச்சி கை வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. ஆச்சி நடைக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு புள்ளி சொல்லுவாள். “பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி எட்டு வரைக்கும்.” வெளியே அம்மையும் சித்தியும் அதைக் கேட்டுப் போடுவார்கள். தெருவே நின்று பார்த்த கோலங்கள் அவை. எதிலும் ஆச்சியின் விரல் பட்டதில்லை. மாதவிலக்கு நாட்களில் அம்மைக்கும் அதே விலக்குதான். இத்தனைக்கும் மார்கழியில் பெண்களின் நாள் ஒன்றரை மணி நேரம் முன்னதாகத் தொடங்குகிறது. அதற்கு ஈடாக மற்ற வேலை எதுவும் குறைவதில்லை. வாசல் தெளித்து, கோலமிட்டு, பொங்கல் இறக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு, வழக்கமான நாள் வழக்கம்போலத் தொடங்கும்.

வகுப்பில் திருப்பாவை நடத்தும்போது இதையெல்லாம் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். “அம்மா, மார்கழி விடியக்காலம் எங்கம்மாவும் தண்ணிக்குள்ளதான் நிக்காவ. பிசானத்துக்குக் களையெடுப்பு. அதுக்குப் பேரு என்ன?” வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் வளரும் மாதம் மார்கழி. கோலத் தெருக்கள் விழிக்கும் அதே நேரத்தில் வேறு தெருக்களின் பெண்கள் குளிர்ந்த சேற்றில் இறங்குகிறார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அவர்கள் பாட்டிமார் நடக்கவே முடியாத காலம் இருந்தது. அவர்கள் விடியலில் வெளியே வருவதற்கு யாரும் நோன்பு என்று பெயர் வைக்கவில்லை.

அந்த மாணவிக்குப் பதிலாக, அடுத்த வகுப்பில் 1968 டிசம்பரைப் பற்றிப் பேசினேன். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாதெமி. 1928இல் அது தொடங்கியது. மார்கழி இசை விழா என்னும் நகர்ப்புற இன்பத்துக்கு அதுவே அடித்தளம். அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டம் ஒரு பெண்ணுக்கு வருவதற்கு 40 ஆண்டுகள் ஆயின. 1968இல் எம்.எஸ். சுப்புலட்சுமி அதைப் பெற்றார். தேவதாசி மரபுக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் அந்த மேடையின் தலைமை இடத்துக்கு வந்தது சிறிய நிகழ்ச்சி அல்ல. 1970இல் டி.கே. பட்டம்மாளும், 1973இல் பாலசரஸ்வதியும் அதே பட்டத்தைப் பெற்றார்கள்.

அதே 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கிழக்குத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அறுப்புக் கூலியில் இன்னும் அரைப்படி நெல் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும் அதற்கு முன்கதை. நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. அவ்வளவு வசதியானவர்கள் தாங்களே அந்த இடத்துக்கு நடந்து போயிருப்பார்கள் என்பது நம்பக் கடினம் என்று தீர்ப்பு கருதியதை மைதிலி சிவராமன் தம் கட்டுரைகளில் விடாமல் நினைவூட்டினார். யார் நடப்பார்கள், யார் நடக்கமாட்டார்கள் என்பது நம் நாட்டில் நீதிமன்றம் வரைக்கும் போகிற கேள்வி.

மார்கழி மாதம் அது. அந்த ஆண்டும் விடியலில் கோலங்கள் இருந்திருக்கும், ஒலிபெருக்கியில் பாவைப் பாட்டும் இருந்திருக்கும். இரண்டையும் ஒரே வகுப்பில் பேசுவது மார்கழியின் இன்பத்தைக் கெடுப்பதற்காக அல்ல. இன்பத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அது யார் யாருக்கு எந்த நேரத்தில் எட்டியது என்பதையும் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஆறு முழுவதுமாகத் தொலைந்துவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நெல்லைப் பக்கத்துச் சிறுவீட்டுப் பொங்கலைப் பாருங்கள். மார்கழி முழுக்கக் கோலத்தில் வைத்த பூவோடு சாணத்தைச் சிறு சிறு வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தைப்பொங்கல் கழிந்து ஒரு நாளில், முற்றத்தில் சிறுமிகளுக்கென்று களிமண்ணால் ஒரு குட்டி வீடு. அதன் முன் அவர்களே அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவார்கள். மாலையில் அந்தப் பூவறட்டிகளை எடுத்துக்கொண்டு, கூட்டமாகப் பாடிக்கொண்டு ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போய், மேலே சூடம் கொளுத்தி நீரில் விடுவார்கள். சங்கப் பாடல்களில் சிறுமியர் கட்டும் மணல் சிற்றிலும், நாச்சியார் திருமொழியில் கண்ணன் கலைக்க வரும் சிற்றிலும் இந்தக் குட்டி வீட்டின் முன்னோர்கள் என்றே நான் வாசிக்கிறேன். கொங்கு நாட்டில் தைப் பொங்கலையொட்டிப் பெண்கள் தோழியரோடு பூப்பறிக்கப் போகும் நோன்பும் இந்த உறவுக்குள் வருகிறது. தென்மாவட்டக் கிறிஸ்தவத் தெருக்களிலோ, டிசம்பர் இரவுகளில் வீடு வீடாகப் போகும் கேரல் பவனி பெண் பிள்ளைகளுக்கு நள்ளிரவுத் தெருவைக் காட்டியிருக்கிறது. அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் கையுமாக விடியலில் திரும்பிய கதைகளை என் தோழிகள் ஒவ்வொருத்தியும் வைத்திருக்கிறாள்.

கோலமும் வாசலோடு நின்றுவிடவில்லை. 2019 டிசம்பர் 29, மார்கழி ஞாயிறு. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகச் சென்னை பெசன்ட் நகரில் பெண்கள் தெருவில் கோலமிட்டார்கள். கோலம் போட்டதற்காகக் காவல்துறை அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. அடுத்த நாளிலிருந்து அதே வாசகம் பல ஊர்களில் வாசல் கோலமாக முளைத்தது. வீட்டு வாசலில் அழகாக இருந்த அதே மாவு, பத்துப் பெண்கள் கூடித் தெருவில் போட்டபோது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையானது. பிரச்சினை மாவில் இல்லை, கூட்டத்திலும் நடையிலும் இருந்தது. கூடவே மூன்றாவதும் இருந்தது. அவர்கள் ஒன்றைக் கேட்டார்கள்.

எங்கள் கல்லூரிப் பெண்கள் விடுதிக் கதவு காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ஆண்கள் விடுதிக்கு அப்படி ஒரு நேரமே இல்லை. சென்ற மார்கழியில் இரண்டாமாண்டு மாணவிகள் சிலர், கோயில் தெருக் கோலங்களையும் அதைத் தாண்டிய தெருக்களின் விடியலையும் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும், நான்கரை மணிக்கு வெளியே போக அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பாதுகாப்பு கருதி மறுக்கப்படுகிறது என்று பதில் வந்தது. அவர்கள் நான்கரைக்கே எழுந்து, ஒவ்வோர் அறைக் கதவையும் தட்டித் தூங்குகிறவர்களை இழுத்து வந்து, உட்புறத்து மைதானம் நிறையக் கோலம் போட்டார்கள். பிசானத்துக் களையெடுப்பைப் பற்றிக் கேட்டாளே, அவளுடைய தங்கையும் அவர்களில் ஒருத்தி. இந்த ஆண்டு விண்ணப்பத்தை மறுபடியும் கொடுத்திருக்கிறார்கள். கூட வரும் ஆசிரியர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன்.