ஏக்கருக்கு 5,000: கரும்பு நாற்றும் மரவள்ளிக் குச்சியும்

சங்கராபுரம் வட்டாரத்தில் ஆலைக்குப் போகும் பயிர் என்று பார்த்தால் முக்கியமானவை இரண்டு. கீழே சமவெளியில் ஏரி, கிணறு, அணைத் தண்ணீரை நம்பிக் கரும்பு. மேற்கே கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் பெரும்பாலும் மழையை நம்பி மரவள்ளி. கரும்புக்கு வடக்கே மூங்கில்துறைப்பட்டிலும், தென்மேற்கே கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் இருக்கின்றன. மரவள்ளி சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கு லாரி ஏறுகிறது.

இரண்டு பயிருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இரண்டையும் யாரும் விதை போட்டு முளைக்க வைப்பதில்லை. போன போகத்துத் தண்டைத் துண்டுபோட்டு நடுகிறோம். தாய்ச்செடிக்கு என்ன நோய் இருந்ததோ அது அப்படியே பிள்ளைக்கு வரும். ஆகவே நடுபொருளைத் தயார் செய்வதில் இரண்டுக்கும் ஒரே அளவு கவனம் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ நேர்மாறு. கரும்புக்கு நிழல்வலைக் கூடாரம், குழித்தட்டு, நேர்த்தி மருந்து என்று ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது. மரவள்ளிக்குப் புளியமரத்தடியில் சாய்த்து வைத்த குச்சிக்கட்டுதான் இன்றும் நாற்றங்கால். என் கணக்கில் இந்தக் கவனம் அதிகம் தேவைப்படுவது மரவள்ளிக்குத்தான்.

முதலில் கரும்பு. பழைய முறையில் ஏக்கருக்கு ஏறக்குறைய 30,000 இருபருக் கரணை நடுவார்கள். அதாவது 60,000 பரு. எடை 3 டன்னிலிருந்து 4 டன் வரை வரும். ஏக்கருக்கு 40 டன் விளைவிப்பவர், அதில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கைத் திரும்ப மண்ணில் புதைக்கிறார் என்று பொருள். அறுவடையில் வெட்டத் தகுந்த கரும்பாக நிற்பது 40,000 சொச்சம். ஒரு பருவிலிருந்து பல தூர் வெடிக்கும் பயிரில், நட்ட பரு எண்ணிக்கையைக்கூட அறுவடைக் கரும்பு எட்டவில்லை. பாதிப் பரு முளைப்பதே இல்லை. முளைத்த தூர்களிலும் பல, நெருக்கத்தில் வெளிச்சம் கிடைக்காமல் செத்துப்போகின்றன.

2009இல் இக்ரிசாட்டும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து ஒரு கையேடு வெளியிட்டன. ஒற்றை நாற்று நெல் நடவின் கொள்கையைக் கரும்புக்குக் கொண்டுவந்த முறையை அது விளக்கியது. அந்த முறைக்குத் தமிழ்நாட்டில் 'நீடித்த நவீன கரும்பு சாகுபடி' என்று பெயர் வைத்தார்கள். ஊரில் பருசீவல் நாற்று என்றால் புரியும். ஆறு, ஏழு மாதக் கரும்பில் பருவை மட்டும் சீவி எடுத்து, மருந்தில் நனைத்து, மூட்டம் போட்டு முளை கிளப்பி, தென்னை நார்க் கழிவு நிரப்பிய 50 குழித் தட்டில் வைக்கிறார்கள். நிழல்வலைக்குள் 25 முதல் 35 நாள் வளர்ந்ததும் 5 அடிக்கு 2 அடி இடைவெளியில் நடவு. ஏக்கருக்கு 5,000 நாற்று, அதாவது 100 தட்டு. சீவிய பருக்களின் மொத்த எடை 100 கிலோவைத் தாண்டாது. பரு எடுத்த தண்டு ஆலைக்கே போகலாம்.

விதைக்கரும்பு மிச்சம் என்றுதான் இந்த முறையை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது லாபமாகத்தான் படுகிறது. முதல் லாபம், வயலில் நிற்பதெல்லாம் ஒரே வயது. கரணை நடவில் ஒரு பரு பத்தாம் நாள் முளைக்கும், இன்னொன்று முப்பதாம் நாள். முந்தியது பிந்தியதை அமுக்கும். தட்டிலோ, தேறாத நாற்றை நடுவதற்கு முன்பே கழித்துவிடலாம். ஒரு தூருக்கு ஒன்பது, பத்துக் கரும்பு நின்றால் 5,000 தூருக்கு 45,000. கரும்பு ஒன்று ஒரு கிலோ தேறினாலே 45 டன். ஆனால் இந்தக் கணக்குப் பலிக்க, நடுவே காலியிடம் விழாமல் ஒவ்வொரு நாற்றும் பிழைத்தாக வேண்டும். 60,000 பருவில் ஆயிரம் போனால் தெரியாது. 5,000இல் ஆயிரம் போனால் ஐந்தில் ஒரு பங்கு வயல் காலி. கரணைக்குள் இருக்கும் சாறும் ஈரமும் சீவிய பருவுக்கு இல்லை என்பதால், தட்டில் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் காய்ந்துவிடும். நாற்று நடவில் தோற்றவர்களில் பெரும்பாலோர் தோற்றது தட்டிலும், நட்ட முதல் பத்து நாளிலும்தான்.

நட்டு ஒரு மாதத்தில், பக்கத் தூர் இரண்டு கிளம்பியதும், தாய்ச்செடியைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் விட்டு வெட்டிவிடச் சொல்கிறார்கள். வெட்டினால் பக்கத் தூர்கள் ஒரே நேரத்தில் வெடிக்கும். நன்றாக நிற்கிற செடியை வெட்ட எந்த விவசாயிக்கும் கை வராது. பலர் அந்த ஒரு வேலையை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி மரவள்ளிக் குச்சி. 3 அடிக்கு 3 அடி நட்டால் ஏக்கருக்கு இதற்கும் ஏறக்குறைய 5,000 குச்சிதான். எண்ணிக்கை ஒன்றாக இருப்பது தற்செயல்தான்; ஆனால் ஒப்பிட வசதி. எட்டு முதல் பத்து மாதச் செடியின் நடுத்தண்டில், 15 சென்டிமீட்டர் நீளத்தில், எட்டு முதல் பத்துக் கணு இருக்கும்படி நறுக்க வேண்டும். நுனி இளசு, காய்ந்துவிடும். அடி முற்றல், முளை மந்தம். நறுக்கிய முகம் நசுங்காமல் வட்டமாக இருந்தால் அந்த விளிம்பு முழுக்க வேர் இறங்கிக் கிழங்கு சுற்றிலும் பிடிக்கும். வெட்டுக்கத்தி மழுங்கி ஒருபக்கம் சிதைந்தால் அந்தப் பக்கம் கிழங்கு குறையும். கார்பன்டசிமில் கால்மணி நேரம் ஊறவைத்து, பரு மேல் நோக்க நிறுத்தி நட வேண்டும். இதெல்லாம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல வருஷமாகச் சொல்லி வருவது. கல்வராயன் மலைக்குத் தெற்கே ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் அதன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

நறுக்குவதைவிடப் பெரிய விஷயம் தேமல் நோய். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகிச் சுருங்கும். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் இது. பரவும் இரண்டாவது வழி குச்சி. வயலில் வளர்ந்த செடிக்கு ஈ மூலம் தாமதமாக வந்தால் நஷ்டம் கொஞ்சம். குச்சியிலேயே இருந்து வந்தால் முதல் இலையே சுருண்டு வரும், கிழங்குச் சேதம் பல மடங்கு. கரும்பிலும் மஞ்சள் இலை நோய், செவ்வழுகல், புல்தண்டு நோய் எல்லாம் கரணை வழியே வருபவைதான். ஆனால் அங்கே வெந்நீராவி நேர்த்தி, திசு வளர்ப்பு நாற்று, நோய் பார்த்து ஒதுக்கிய விதைப்பண்ணை என்று தடுப்பு வரிசை இருக்கிறது. தேமல் பிடித்த குச்சியை எந்த மருந்தில் ஊறவைத்தாலும் அது தேமல் குச்சிதான். ஒதுக்குவது ஒன்றே வழி.

ஒதுக்குவதற்கும் ஒரு நாற்றங்கால் முறை உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார் சொல்வது: குச்சிகளை வயலில் நடுவதற்கு முன் 4 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கிப் பாத்தியில் நட்டு 20, 25 நாள் தண்ணீர் விட்டால், நோயுள்ளது இலையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மற்றதை நடலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு குச்சிக்கு 16 சதுர சென்டிமீட்டர், 5,000 குச்சிக்கு 8 சதுர மீட்டர். ஒரு ஏக்கருக்கான நாற்றங்கால் ஒரு மாட்டுக்கொட்டகை மூலையில் அடங்கிவிடும். தட்டு வேண்டாம், நிழல்வலை வேண்டாம், நார்க் கழிவு வேண்டாம்.

இவ்வளவு மலிவான வேலை ஏன் ஊரூராகப் பரவவில்லை? விவசாயியின் அறியாமை என்று சொல்வது சோம்பேறித்தனமான பதில். வாங்குகிறவர் யார் என்று பார்க்க வேண்டும். கரும்பை ஆலை பதிவு செய்கிறது. எந்த வயலில் எந்த இரகம், நட்ட தேதி என்ன என்று ஆலைக் கரும்பு அலுவலருக்குத் தெரியும். வயலில் கரும்பு குறைந்தால் ஆலையின் அரவை நாள் குறையும். ஆகவே விதைக் கரும்பில் ஆலைக்கும் அக்கறை உண்டு, அரசு மானியமும் அந்த வழியில் வந்தது. சவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி விவசாயியோடு அப்படி ஒரு பிணைப்புக் கிடையாது. கிழங்கு வாசலுக்கு வரும்போது மாவுச்சத்துக்குப் 'பாயிண்ட்' பார்த்து விலை சொல்வதோடு சரி. 1981இல் தொடங்கிய சேலம் சேகோசர்வ் கூட்டுறவும் சவ்வரிசி, ஸ்டார்ச் விற்பனைக்காக ஏற்பட்டதே தவிர, குச்சிக்காக ஏற்பட்டதல்ல. மலையில் சொந்தக் குச்சி போதாதவர் பக்கத்துக் காட்டில் கேட்டு வாங்குகிறார். அதில் நோய் பார்த்துத் தர யாருக்கும் கடமை இல்லை.

மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்காரர்கள் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறார்கள். அதுவும் தாய்ச்செடியின் ஓடுதண்டிலிருந்து பெருக்குகிற பயிர்தான், வைரஸ் தொல்லையும் உண்டு. அவர்கள் வெளிநாட்டிலிருந்து தாய்ச்செடி தருவித்து, மழைக்காலத்தில் பெருக்கி, செப்டம்பர், அக்டோபரில் புது நாற்றாக நடுகிறார்கள். காய்க்கும் வயலில் கிழட்டு இலையையும் வீண் ஓடுதண்டையும் கிள்ளி எறிவது அன்றாட வேலை. கிலோவுக்கு நல்ல விலை கிடைக்கிற பழத்தில் அந்தச் செலவு கட்டுப்படியாகிறது. மரவள்ளிக்கு அப்படிக் கட்டாது என்பதால்தான் கொட்டகை மூலைப் பாத்தி முக்கியம்.

இலைக்கு வருவோம். இங்கே இரண்டு பயிரும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. நன்றாக வளர்ந்த ஒரு கரும்பு தன் ஆயுளில் 30, 35 இலை விடும். வேலை செய்வது உச்சியில் இருக்கும் எட்டு முதல் பத்து இலை. கீழே காய்ந்து தொங்கும் சோகையை ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் உரிக்கச் சொல்கிறார்கள். உரித்தாலே டன் கூடும் என்று சொல்பவர்களை நான் முழுதாக நம்புவதில்லை. உரிப்பது இருக்கிற எடையைக் காப்பதற்கு. இடைக்கணுப் புழுவும் செதில் பூச்சியும் சோகை மறைவில்தான் குடியிருக்கின்றன. மட்டையில் தண்ணீர் தேங்கினால் கணுவில் வேர் விடும், பரு முளைக்கும், சர்க்கரை குறையும். உரிக்கும் ஆவலில் பச்சைத் தோகையையும் மாட்டுக்கு இழுப்பவர்கள் உண்டு; அது கரும்பின் வாயிலிருந்து பிடுங்குவது.

ஆனால் ஏழாம் மாதத்தில் இரண்டரை அடிப் பாருக்குள் ஆள் நுழைய முடியாது. சோகை கையைக் கிழிக்கும், கூலிக்கு ஆள் வராது. கடைசியில் சோகை அறுவடை வரை தொங்கி, வெட்டிய மறுநாள் தீயில் போகிறது. 5 அடிப் பார் வைத்தவர்தான் நிமிர்ந்து உள்ளே போய் உரிக்கிறார், உரித்ததைப் பார் இடுக்கில் பரப்பி ஈரம் காக்கிறார், மறுதாம்புக்கு அதையே மட்கவிடுகிறார். நடவின்போது விட்ட இடைவெளிதான் ஏழு மாதம் கழித்து இலை வேலைக்கு வழி திறக்கிறது.

மரவள்ளியில் உரிக்க ஒன்றும் இல்லை. அங்கே வேலை இலையைத் தக்கவைப்பது. முளைத்த தண்டுகளில் எதிரெதிராக இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளினால் இலைக்கு வெளிச்சம் சமமாகக் கிடைக்கும். நிலப்பரப்பைப்போல் மூன்று, மூன்றரை மடங்கு இலைப்பரப்பு இருந்தால் கிழங்கு நன்றாகப் பருக்கும். அதற்கு மேல் யூரியா கொட்டினால் செடி மட்டும் மதர்க்கும். கோடையில் செடி தானாக இலையை உதிர்த்து உயிர் காக்கும். மழை வந்ததும் கிழங்கிலிருக்கும் மாவை எடுத்துப் புது இலை விடும். கோடை மழைக்குப் பின் பிடுங்கிய கிழங்குக்குப் பாயிண்ட் இறங்குவது இதனால்தான். எரி பட்டுப்புழு வளர்க்கக் கால்பங்கு இலை பறித்தால் கிழங்கு பெரிதாகக் குறையாது என்கிறார்கள். ஆட்டுக்காக வாராவாரம் ஒடித்தால் குறையும்.

2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட புது மாவுப்பூச்சி, தமிழ்நாட்டு மரவள்ளியில் நுனி இலையைக் கொத்தாகச் சுருட்டிப்போட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து 2021இல் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்துப் பெருக்கி, 2022இல் ஏத்தாப்பூரில் முதலாவதாக வயலில் விட்டார்கள். ஆனால் அந்த மாவுப்பூச்சி ஒரு வயலிலிருந்து தொலைவான வயலுக்குப் போக எளிய வண்டியும் குச்சிக்கட்டுதான்.

குச்சி தேர்வதும் இலை பார்ப்பதும் வேறு வேறு வேலை என்று நினைக்க இடமில்லை. தேமல் தெரிவது இலையில். அறுவடை நேரத்தில் செடி இலை கொட்டி நிற்கும். நோயுள்ள தண்டும் நல்ல தண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அன்றைக்கு மரத்தடியில் சாய்க்கும் கட்டில் எது எது என்று யாரும் பிரித்தறிய முடியாது. ஆறாம் மாதத்தில், இலை பச்சையாக விரிந்திருக்கும்போது வயலைச் சுற்றி வந்து, சுத்தமான செடிகளின் தண்டில் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு வைத்துவிட்டால் அறுவடையன்று அவற்றை மட்டும் தனியே கட்டலாம். ஒரு செடியிலிருந்து சாதாரணமாகப் பத்துக் குச்சி கிடைக்கும் என்று கொண்டால், அடுத்த ஏக்கருக்கு 500 செடியில் அடையாளம் வைத்தால் போதும். அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால் 8 சதுர மீட்டர்ப் பாத்தி இருக்கிறது.