தோற்கும் கூட்டணியின் பந்து: 2010 ‘பிரேக்அவே’ தரவரிசை விதி குறித்து ஒரு மறுவாசிப்பு

ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியின் 2010ஆம் ஆண்டு விதிநூலில் தகுதிச் சுற்றுப் புள்ளிகளை வகுத்த பகுதி மிகச் சிறியது. ஆனால் மாணவர் எந்திரனியல் அணிகளில் ஊக்கமும் போட்டியும் ஒத்துப்போகுமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் அந்தப் பகுதியே சான்றாக நிறுத்தப்படுகிறது. வழக்கமான வாசிப்பு இது: ஒத்துழைப்புக்குப் புள்ளி கொடுத்தார்கள், அணிகள் கூடிப் பேசி ஆட்டத்தையே நாடகமாக்கின, ஆகவே களத்தைப் போட்டிக்கு விட்டுவிட வேண்டும், ஊக்கத்தைக் களத்துக்கு வெளியே, விருதுகளிலும் சமூகப் பணிகளிலும் தேட வேண்டும். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. விதியின் கணக்கை ஒருமுறை நிதானமாகப் போட்டுப் பார்த்தால், அது சொல்வது வேறொன்று.

அவ்வாண்டின் ஆட்டமான ‘பிரேக்அவே’ கால்பந்தைத் தழுவியது. மூன்று ரோபோக்கள் கொண்ட ஒரு கூட்டணி இன்னொரு கூட்டணியை எதிர்த்து ஆடும். ஒரு கோலுக்கு ஒரு புள்ளி. பருவத் தொடக்க விதிப்படி, தண்டப்புள்ளிகளை ஒதுக்கிவிட்டால், தகுதிச் சுற்றில் வென்ற கூட்டணியின் ஒவ்வோர் அணிக்கும் அதன் சொந்த எண்ணிக்கையோடு, தோற்ற கூட்டணியின் எண்ணிக்கையைப் போல இரு மடங்கு ‘கோஆபர்டிஷன்’ ஊக்கப்புள்ளியாகச் சேரும். தோற்ற கூட்டணியின் அணிகளுக்கு வென்றவர்களின் எண்ணிக்கை அப்படியே கிடைக்கும். எதிரியை நசுக்காமல் வெல், வலுவான எதிரியை மதி என்பதே இதன் நோக்கம் என்று எல்லாரும் வாசிக்கிறார்கள். நோக்கத்தைப் பொறுத்தவரை அந்த வாசிப்பு சரியே.

விளைவு என்ன? ஆட்டம் 10–9 என முடிந்தால் வென்றவர்களுக்கு 28, தோற்றவர்களுக்கு 10. ஆறு ரோபோக்களும் உடன்பட்டு அதே 19 பந்துகளையும் ஒரே பக்கத்துக் கணக்கில் சேர்த்தால் ஆட்டம் 19–0; இரு தரப்புக்கும் 19. ‘ஆறுக்குப் பூஜ்யம்’ என்று அணிகள் பேசிக்கொண்ட உத்தி இதுதான். தோற்கப்போவதாகக் கருதும் கூட்டணிக்கு இது கொழுத்த ஆதாயம். முன்னைய எழுத்துகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்று, ‘ஒத்துழைப்பைப் பரிசாக்கினால் கூட்டுச்சதிதான் விளையும்’ என்று முடித்துவிடுகின்றன.

ஒரு படி கீழே இறங்கி, ஒரே ஒரு பந்தைப் பின்தொடர்வோம். தோற்றுக்கொண்டிருக்கும் கூட்டணி தன் கணக்கில் ஒரு கோல் போடுகிறது. வெற்றி தோல்வி மாறவில்லை. எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுகிறது, அதைப் போட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. அதே பந்தை எதிரணியின் கணக்கில் போட்டிருந்தால் இரு தரப்புக்கும் ஒவ்வொரு புள்ளி. முன்னணியில் இருக்கும் கூட்டணியின் நிலையும் இதைப் போன்றதே: தன் கணக்கில் போடும் பந்தால் தனக்கு ஒன்று, முன்னிலை கெடாத வரை தோற்பவர் கணக்கில் போடும் பந்தால் இரண்டு. அதாவது முடிவு தெளிந்த பிறகு, இரு தரப்பும் மற்றவர் கணக்கில் பந்தைச் சேர்ப்பதே அவரவருக்கு இலாபம். எந்தப் பேரமும் பேசப்படாவிட்டாலும் விதி அந்தத் திசையில்தான் தள்ளியது.

என் வாதம் முழுவதும் இதன்மேல் நிற்கிறது. 2010 விதியின் குறை, அது ஒத்துழைப்பைப் பாராட்டியது அல்ல. தோற்பவர் தனக்காக எடுக்கும் முயற்சிக்குத் தரவரிசையில் விலையே இல்லாமல் செய்ததுதான் குறை. அந்த முயற்சியின் பலன் முழுவதும் வென்றவரின் கணக்குக்குப் போனது. பல வாரம் உழைத்து ஒரு ரோபோவைக் கட்டிய மாணவர்கள், இறுதி நிமிடத்தில் அதைத் தங்களுக்காக இயக்குவது வீண் என்று கற்றுக்கொள்ளும்படி ஒரு விதி அமைந்தால், அங்கே கெடுவது போட்டி மட்டுமல்ல, ஊக்கமும்தான். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே காரணத்தால் கெட்டன. ஒன்றை அழித்துத்தான் மற்றொன்று வளரும் என்ற கருத்துக்கு இந்தச் சான்று இடம் தரவில்லை.

ஒரு பருவத்தின் விதியிலிருந்து பொது முடிவுக்குத் தாவுவதில் இடர் உண்டு என்பதை உணர்கிறேன். ஆயினும் 2012இன் ‘ரீபவுண்ட் ரம்பிள்’ ஏறத்தாழ ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை போலவே அமைந்திருக்கிறது. களத்தின் நடுவே சாய்ந்தாடும் பாலம் ஒன்று. இரு கூட்டணிகளிலிருந்தும் ஒவ்வொரு ரோபோ அதன்மேல் ஏறிச் சமநிலையில் நின்றால், இரு தரப்புக்கும் தலா 2 தகுதிப் புள்ளிகள். ஆட்டத்தை வென்றாலும் 2 தான். ஒத்துழைப்புக்கு 2010ஐவிடக் குறைவான பரிசு என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இங்கே தோற்கும் அணியின் உழைப்பு அந்த அணிக்கே பயன் தந்தது. வெற்றியின் மதிப்பும் குன்றவில்லை, ஏனெனில் வென்று பாலத்திலும் நின்றவர்களுக்கு 4. மேலாக, அந்த ஒத்துழைப்பே ஒரு பொறியியல் வேலை. முன்பின் பழகாத இன்னொரு ரோபோவின் எடையையும் சக்கர அமைப்பையும் அறிந்து, யார் முதலில் ஏறுவது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி, அசையும் பலகைமேல் நிற்க வேண்டும். நான் அறிந்த விதிகளில் மாணவரை இவ்வளவு மதித்த விதி வேறில்லை. 2023இன் ‘சார்ஜ்டு அப்’ இந்த வழியையே அடக்கமாகத் தொடர்ந்தது: பருவத் தொடக்க விதிப்படி, இரு கூட்டணிகளும் பொதுக் கட்டத்தில் குறைந்தது மூன்று பொருள்களை வைத்தால், ஒரு கூடுதல் தரப்புள்ளிக்குத் தேவையான இணைப்புகள் (ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிரப்பிய மூன்று இடங்கள் ஓர் இணைப்பு) 5இலிருந்து 4ஆகக் குறையும்.

எதிரியே இல்லாத ஆட்டமும் ஒருமுறை முயலப்பட்டது. 2001இல் நான்கு ரோபோக்கள் ஒரே கூட்டணியாக ஆடின; அடுத்த ஆண்டே எதிரணி திரும்பிவிட்டது. இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

இந்த ஒத்துழைப்புப் புள்ளிகள் தகுதிச் சுற்றோடு நின்றுவிடுகின்றன, வெளியேற்றுச் சுற்றில் மறைகின்றன, ஆகவே அவை வெறும் அலங்காரம் என்பது ஒரு மறுப்பு. ஆனால் தகுதிச் சுற்றில் இன்றைய எதிரி அடுத்த ஆட்டத்தில் கூட்டாளி ஆகலாம். கூட்டணித் தேர்வில் முன்னணி அணிகள் தேடுவதும் நேற்று எதிரே நின்றவர்களைத்தான். எல்லா அணிகளும் ஆடும் சுற்று அது ஒன்றே. அங்கே வைக்கப்பட்ட விதி எல்லார் மேலும் வேலை செய்கிறது. பக்கத்து அணியின் மோட்டார் எரிந்தால் தன் உதிரி மோட்டாரைக் கொடுக்கும் வழக்கம் தன்னலக் கணக்குதான் என்பாரும் உண்டு. இருக்கட்டும், கணக்கும் பெருந்தன்மையும் ஒரே செயலில் கூடுமாறு அட்டவணை அமைவதை ஏன் குறையாகக் கொள்ள வேண்டும்? எம்.ஐ.டி. வடிவமைப்புப் பாடத்தின் போட்டியை வளர்த்தெடுத்த வுடி ஃபிளவர்ஸ், கடுமையாகப் போட்டியிடுவதையும் ஒருவரையொருவர் மதிப்பதையும் ‘கிரேஷியஸ் புரொஃபஷனலிசம்’ என்ற ஒரே பெயரில் கட்டினார். அவரும் ஃபர்ஸ்ட் நிறுவனர் டீன் கேமனும் முன்னெடுத்த இயக்கத்தை அதன் களத்திலிருந்து பிரித்து வாசிப்பவர்கள் அந்தப் பெயரையும் இரண்டாகப் பிளக்கிறார்கள்.

ரோபோவை வழிகாட்டிகள் கட்டினார்களா, மாணவர்கள் கட்டினார்களா என்ற பழைய வழக்கை இங்கே எடுக்கவில்லை. அது தரவரிசை விதிக்குத் தொடர்பற்றது. விதிநூலை மட்டும் வைத்து மாணவர் மனத்தைப் பேச முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் விதி எதற்குப் புள்ளி தருகிறது என்று அறியாமல் மாணவர் மனத்தைக் கேட்கப் போகிறவர், கேள்வியையே தவறாக அமைப்பார்.

எனவே 2010ஐ எச்சரிக்கையாக மேற்கோள் காட்டுவோரிடம் ஒரு வேண்டுகோள். அதை 2012 விதியோடு அருகருகே வைத்து, தோற்கும் கூட்டணி போடும் ஒரு பந்துக்கு எந்தக் கணக்கில் எவ்வளவு சேர்கிறது என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். பள்ளிப் போட்டிகளுக்குப் புதிய விதி வகுப்போர், அதை வெளியிடும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும்.