எலிகளைக் காவல் காத்த பெண்

சிகாகோ சர்வகலாசாலையில் 1936-ஆம் வருஷம் மருந்தியல் துறை ஒன்றைப் புதிதாகத் தொடங்கினார்கள். அதன் தலைவர் கெய்லிங் என்ற பேராசிரியர். கானடாவின் மேற்குக் கோடியில் பிறந்து, மக்கில் சர்வகலாசாலையில் எம்.எஸ்ஸி. முடித்திருந்த பிரான்ஸஸ் ஓல்டாம் அவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். வேலை கிடைப்பது குதிரைக் கொம்பாயிருந்த காலம் அது. ஆயினும் பதில் வந்தது. ஆராய்ச்சி உதவியாளர் வேலை தயாராக இருக்கிறது என்றது கடிதம். ஆனால் 'மிஸ்டர் ஓல்டாம்' என்று விளித்திருந்தது!

நம் ஊரில் மணி என்றோ செல்வம் என்றோ கையெழுத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தடுமாறுகிறோமல்லவா? அந்த மாதிரிதான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறினால் அது ஆணின் பெயர். உண்மையை எழுதிவிடலாமா என்று ஓல்டாம் தம் பழைய ஆசிரியரைக் கேட்டார். "வேலையை ஒப்புக்கொள், கையெழுத்துக்குப் பக்கத்தில் அடைப்புக் குறிக்குள் 'மிஸ்' என்று போடு, புறப்படு" என்கிற கருத்தில் அவர் சொல்லிவிட்டார். தம் பெயர் மேரி என்றோ எலிசபெத் என்றோ இருந்திருந்தால் அந்த முதல் படியே கிடைத்திருக்குமா என்று பிற்காலத்தில் அந்த அம்மாள் யோசித்ததுண்டு. கெய்லிங்குக்குப் பெண் விஞ்ஞானிகள்மீது அவ்வளவு பிரியம் கிடையாது என்றும் சொல்லியிருக்கிறார்.

மறு வருஷமே ஒரு பெரிய விபரீதம் நடந்தது. ஸல்ஃபனிலமைட் என்ற மருந்து அப்போது புதிது. தொண்டைப் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் கைகண்ட ஔஷதம். மாத்திரையாகவும் தூளாகவும்தான் கிடைத்தது. குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுப்பதற்குத் திரவமாக வேண்டும் என்று டென்னஸி மாகாணத்திலிருந்த மாஸென்கில் கம்பெனி நினைத்தது. அதன் ரசாயன நிபுணர் டைஎதிலீன் கிளைகால் என்ற திரவத்தில் மருந்தைக் கரைத்தார். ராஸ்ப்பெர்ரி பழவாசனை சேர்த்தார். நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், ருசி பார்த்தார்கள். விஷமா என்று மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. 240 காலன் ஊர் ஊராகப் போயிற்று. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 34 பேர் குழந்தைகள்.

இன்னதுதான் கொன்றது என்று நிரூபிக்க வேண்டுமே! கெய்லிங்கின் சோதனைச் சாலையில் முழு மருந்தையும், ஸல்ஃபனிலமைடைத் தனியாகவும், கரைத்த திரவத்தைத் தனியாகவும் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளைக் கவனிப்பது ஓல்டாமின் வேலை. சிறுநீரகம் பழுதாகி அவை மடிந்தன. குற்றவாளி மருந்தல்ல, அதைக் கரைத்த திரவம்தான் என்பது வெளிப்பட்டது. கம்பெனியின் மேல் சர்க்காரால் சாட்ட முடிந்த குற்றம் என்ன தெரியுமா? சாராயம் கலக்காத திரவத்துக்கு 'எலிக்ஸிர்' என்று பெயர் வைத்தது! புது மருந்தை விற்பதற்கு முன் அது ஆபத்தில்லாதது என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் 1938 ஜூனில்தான் வந்தது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2025-ஆம் வருஷம் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாடா பக்கத்துக் குழந்தைகள் இருமல் மருந்து குடித்து, சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழகச் சோதனையில் அதிலே 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைகால் இருந்தது. சிகாகோ எலிகள் காட்டிக் கொடுத்த அதே திரவம், 88 வருஷத்துக்குப் பிறகு.

ஓல்டாம் 1938-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதன் பிறகும் அதே சோதனைச் சாலையில் இருந்தார். இந்தக் காலத்தில் பட்டத்துக்குப் பிந்திய ஆராய்ச்சிப் பயிற்சி என்று சொல்கிறார்களே, அதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். உலக யுத்தத்தில் ஜாவாத் தீவு ஜப்பானியர் கைக்குப் போனதும் கொயினாவுக்குப் பஞ்சம் வந்தது. மலேரியாவுக்கு மாற்று மருந்து தேடும் வேலையில் சிகாகோ சோதனைச் சாலையும் இறங்கிற்று. அங்கே எல்லிஸ் கெல்ஸி என்பவரோடு சேர்ந்து முயல்களில் கொயினா என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். 1943-இல் அவரையே மணந்தார். முயலின் ஈரல் கொயினாவைச் சுலபமாக உடைத்துவிடுகிறது. சினைமுயலுக்கு அந்தச் சக்தி குறைவு. வயிற்றிலுள்ள குட்டிக்கோ அது கொஞ்சமும் இல்லை. தாய்க்குத் தீங்கு செய்யாதது கருவுக்கும் செய்யாது என்று நம்பக் கூடாது என்பதை அந்த அம்மாள் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டது இப்படித்தான்.

1960 ஆகஸ்டில் டாக்டர் கெல்ஸி வாஷிங்டனில் உணவு மருந்து நிர்வாகத்தில் உத்தியோகம் ஏற்றார். அடுத்த மாதமே மேஜைக்கு ஒரு கட்டு வந்தது. தாலிடோமைட் என்ற தூக்க மாத்திரைக்கு மெரல் கம்பெனியின் விண்ணப்பம். ஜெர்மனியில் 1957 முதல் விற்பது. சுலபமான வேலை, புதியவர் பார்க்கட்டும் என்று கொடுத்தார்களாம். 60 நாளைக்குள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் மருந்து கடைக்குப் போய்விடும் என்பது அன்றைய சட்டம். கெல்ஸி ஆதாரம் போதாது என்று எழுதினார்; கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிற்று. கம்பெனிக்காரர்கள் நேரிலும் தபாலிலும் டெலிபோனிலும் சுமார் 50 தடவை நெருக்கினார்கள். மேலதிகாரிகளிடமும் முறையிட்டார்கள்.

இந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கைகால் நரம்பு மரத்துப் போவதாக ஒரு வைத்தியர் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகைக்கு எழுதிய சிறு கடிதம் 1961 பிப்ரவரியில் அவர் கண்ணில் பட்டது. பெரியவர்கள் நரம்பையே கெடுக்கிறதென்றால் கருவை என்ன செய்யும்? பழைய முயல்குட்டிகளை நினைத்தவருக்கு இந்தக் கேள்வி எழாமல் இராது. கர்ப்பிணிகளுக்கு ஆபத்தில்லை என்பதற்கு என்ன சான்று என்று கம்பெனியைக் கேட்டார். சான்று வரவில்லை. அந்த நவம்பரில் ஹாம்பர்க்கிலிருந்து டாக்டர் லென்ஸ் செய்தி சொன்னார்: கைகால் வளராத குழந்தைகள். உலகம் முழுவதும் அப்படி 10,000-க்கு மேற்பட்ட சிசுக்கள். அமெரிக்காவிலும் சோதனை என்ற பெயரில் கம்பெனி வைத்தியர்களுக்கு மாத்திரைகளைக் கொடுத்திருந்ததால், அங்கும் சில குழந்தைகள் தப்பவில்லை. 1962-இல் ஜனாதிபதி கென்னடி கெல்ஸிக்குப் பதக்கம் அணிவித்தார். சட்டமும் அந்த அக்டோபரில் இறுகிற்று.

ஒரு தனி வைத்தியரின் கடிதம் தற்செயலாகக் கண்ணில் படுவதை நம்பியிருக்க முடியாதல்லவா? உலக சுகாதார ஸ்தாபனம் 1968-இல் பத்து தேசங்களைச் சேர்த்து, மருந்துகளின் தீய விளைவுகளைப் பதிந்து வைக்கத் தொடங்கிற்று. 1978 முதல் அந்த வேலை ஸ்வீடனில் உப்சலா நகரத்தில் நடக்கிறது. அங்கே இப்போது 3 கோடிக்கு மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்திருக்கின்றன. எந்த மருந்தோடு எந்த நோய் வழக்கத்துக்கு மிஞ்சி வருகிறது என்று கம்ப்யூட்டர் சல்லடை போட்டுச் சொல்கிறது. டாக்டர் பட்டம் வாங்கிய இளைஞர்கள் எலிக்கூண்டுக்குப் பதில் இந்தக் குறிப்புகளின் முன்னே உட்கார்ந்து பயிற்சி பெறுகிறார்கள்.

தாலிடோமைட் எலியினத்தை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்பது விசித்திரம். அந்த மருந்து பற்றிக்கொள்ளும் புரதம் செரிப்ளான் என்று ஜப்பானில் 2010-இல் கண்டுபிடித்தார்கள். பிறகு மனிதனுடைய புரதத்தையும் சுண்டெலியினுடையதையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். மனிதனுக்கு வேலின் என்ற அமிலம் நிற்கும் ஓர் இடத்தில் சுண்டெலிக்கு ஐசோலூசின் நிற்கிறது. இந்தச் சிறு வித்தியாசத்துக்கும் அதில் பங்குண்டு. ஜப்பானியர் முடிவு வெளியானபோது கெல்ஸி அம்மாளுக்கு வயது 95. உத்தியோகத்தை விட்டு அப்போது ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது.