பிறர் இசையை அச்சேற்றியவர்

நம் நாட்டில் ஒரு கீர்த்தனை ஏட்டில் இல்லாமற் போயினும் சீடர்களின் நாவில் வாழ்ந்துவிடும். மேலைநாட்டுச் செவ்வியல் இசைக்கு அந்த வசதி இல்லை. எண்பது பேர் கூடி வாசிக்கும் சிம்பனி, ஒவ்வொருவர் முன்னும் சுரக்குறிப்புத் தாள் இருந்தாலன்றி ஒலிக்காது. பதிப்பாளர் கைவிட்ட இசையைப் பெரும்பாலும் உலகம் கேட்பதில்லை. இதனை நன்குணர்ந்து பிறர் இசைக்காக உழைத்த அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கௌவெல்.

அவர் 1897ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் பிறந்தார். பியானோவை விரல்களால் மட்டுமன்றி முட்டியாலும் முன்கையாலும் அழுத்தி வாசித்தார். பெட்டிக்குள் கைவிட்டுத் தந்திகளையே மீட்டினார். சிலர் நகைத்தனர். ஹங்கேரியப் பேரறிஞர் பேலா பார்டோக்கோ, அம்முறையைத் தாமும் கையாள இசைவு கேட்டு எழுதினார் என்பர்.

அப்புகழை வைத்தே அவர் காலந்தள்ளியிருக்கலாம். ஆனால் 1925இல் புதிய இசைக்கென ஒரு சங்கம் நிறுவிக் கச்சேரிகள் நடத்தினார். 1927இல் 'புதிய இசை' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். அதில் கட்டுரை இல்லை. விற்பனையாகாது என்று பிறர் ஒதுக்கிய சுரக்குறிப்புகளே இடம்பெற்றன. கார்ல் ரகிள்ஸின் கரடுமுரடான படைப்பொன்றைத் தாங்கி முதல் இதழ் வந்ததும் சந்தாதாரர் பலர் விலகினர். பள்ளி ஆண்டு மலருக்குச் சந்தா திரட்டி அலைந்தவன் நான். அந்த வேதனை எனக்கு விளங்கும். கௌவெல் இதழின் போக்கை மாற்றவில்லை.

அவருக்குப் பொருளுதவி புரிந்தவர், காப்பீட்டுத் தொழிலில் செல்வம் ஈட்டிய சார்லஸ் ஐவ்ஸ். ஐவ்ஸே சிறந்த இசையமைப்பாளர். எனினும் அவர் படைப்புகள் நெடுங்காலம் பெட்டியில் உறங்கின. அவருடைய நான்காம் சிம்பனியின் இரண்டாம் பகுதியை 1929இல் இவ்விதழே வெளியிட்டது. 1934 முதல் கௌவெல் இசைத்தட்டுகளும் தயாரித்து வெளியிட்டார்.

1936இல் ஒருபாலுறவு தொடர்பான வழக்கில் அவர் சிறைப்பட்டார். நண்பர் சிலர் விலகினர்; ஐவ்ஸும் முகம் திருப்பிக்கொண்டார். இதழை ஜெரால்டு ஸ்ட்ராங் காத்தார். கௌவெலோ சான் குவென்டின் சிறையில் கைதிகளுக்கு இசை பயிற்றினார், தாமும் எழுதிக்கொண்டேயிருந்தார். 1940இல் வெளிவந்தார், 1942இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். ஐவ்ஸுடன் நட்பு மீண்டும் தளிர்த்தது. தம்மைத் துறந்திருந்த அந்நண்பரின் வரலாற்றை, மனைவி சிட்னியுடன் சேர்ந்து எழுதி 1955இல் அவர் வெளியிட்டதை நான் பெருந்தன்மை என்றே கருதுகிறேன்.

நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. 1931-32இல் பெர்லினில் தங்கியபோது, சென்னை இசையறிஞர் பி. சாம்பமூர்த்தியிடம் அவர் கர்நாடக இசை பயின்றார். 1956-57இல் கீழைநாடுகளில் பயணம் செய்தார். அதன் விளைவாகப் பிறந்த பதின்மூன்றாம் சிம்பனிக்கு 'மதராஸ்' என்றே பெயரிட்டார்; ஜலதரங்கமும் தபலாவும் அதில் உண்டு. 1959இல் அது சென்னையிலேயே அரங்கேறியது.

ஐவ்ஸின் நான்காம் சிம்பனி முழுமையாக ஒலித்தது 1965 ஏப்ரலில். ஐவ்ஸ் மறைந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் கௌவெலும் காலமானார்.