தபசுகால வெள்ளிகள்

விபூதிப் புதனன்று காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்கு வருவோம். பக்கத்து வாங்கில் இருக்கும் சைவத் தோழியரின் நெற்றியில் வழமைபோலத் திருநீறு இருக்கும். வருடத்தில் அந்த ஒரு நாளில் மட்டும், கரும்பலகைப் பக்கம் நின்று பார்க்கும் ஆசிரியைக்கு எம்மில் யார் எந்தச் சமயம் என்று சட்டெனப் பிடிபடாது. எங்கள் தபசுகாலம் அப்படித்தான் தொடங்கியது.

இப்போது தவக்காலம் என்கிறார்கள். எங்கள் நாவில் நின்றது தபசுகாலம் என்ற பழைய சொல்தான். நாற்பது நாள் என்று மறைக்கல்வியில் படித்துவிட்டுக் கலண்டரில் எண்ணினால் நாற்பத்தாறு வரும். இதை வைத்து விடுதியில் பெரிய வழக்கே நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் ஆண்டவர் உயிர்த்த நாளின் நினைவு, அவற்றை ஒருசந்திக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அருட்சகோதரி விளக்கிய பிறகே வழக்கு முடிந்தது. இந்த நாற்பது மிகப் பழையது. 325ஆம் ஆண்டில் கூடிய நிசேயா சங்கத்தின் சட்டங்களிலேயே இக்காலத்தின் பெயர் வருகிறது. உயிர்த்த ஞாயிறு பூரணையைப் பின்பற்றி மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் நகர்வதால், எங்கள் தபசுகாலம் எப்போதும் மாசிப் பனியிலோ பங்குனி வெயிலிலோதான் கழியும். முதலாம் தவணையும் ஏறக்குறைய அதனோடு சேர்ந்தே முடியும்.

அந்த வாரங்களில் பீடத்தில் பூ இராது. கோவிலில் கல்யாணம் இராது. ‘உன்னதங்களிலே’ பாடப்படாது, அல்லேலூயா என்ற சொல்லே வாயில் வராது. பழைய முறைப்படி கடைசி இரு வாரங்களும் சுரூபங்கள் ஊதாத் துணியால் மூடப்பட்டிருக்கும். பெரிய வியாழன் பூசையோடு மணியும் ஓய்ந்துவிடும். மரக்கட்டையைத் தட்டித்தான் எம்மைக் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம். சபைச் சட்டம் இறைச்சியைத்தான் விலக்குகிறது, மீனுக்குத் தடையில்லை என்று சட்டம் தெரிந்த சிலர் வாதாடிப் பார்த்தோம். சைவப் பிள்ளைகளுக்கும் அன்று விரதம், இரண்டு உலை வைக்க முடியாது என்று குசினியில் சொல்லிவிட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் விடுதி முழுவதும் ஒரே பருப்பும் ஒரே கீரையுமாக ஒரு பந்தியில் இருந்தது. சமய நல்லிணக்கம் என்ற சொல்லை நாம் கேள்விப்படாத காலம் அது.

எல்லாவற்றிலும் மெதுவானது பசாம். பாடுகள் என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர். நாம் படித்தது யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம். கோவாவில் 1676இல் பிறந்தவர் அவர். 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மொழியிலும் நூல்கள் செய்து, 1742இல் இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார். அவருக்கு முன் 1687இல் வந்த புனித யோசவ்வாஸ் அடிகளாரைப் போலவே அவரும் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்திருந்த காலத்தில் உழைத்தவர். குருவானவர் எப்போது வருவார் என்று தெரியாத ஊர்களில், வீட்டுத் திண்ணையில் விளக்கு வைத்து ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கக்கூடிய ஒரு புத்தகம் எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சிறுமிகளாகிய நாம் அன்று யோசிக்கவில்லை.

எங்களுக்கு அது நீளமாக இருந்தது. அவ்வளவுதான். இராச் சாப்பாட்டுக்குப் பின் மண்டபத்தில் பாய் விரித்து, பெரிய வகுப்பு அக்காமார் இருவர் மாறி மாறி இழுத்துப் படிப்பார்கள். மெட்டு ஒப்பாரிக்குக் கிட்டியது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம். தவணைப் பரீட்சை நெருங்கிய ஒரு வெள்ளியில் இரண்டு தாள்களை ஒன்றாகப் புரட்டினோம். பூங்காவனத்தில் இருந்த ஆண்டவர் திடீரென்று பிலாத்துவின் முன் நின்றார். அருட்சகோதரி ஒன்றும் பேசவில்லை. அடையாள நாடாவை எடுத்து முதல் பக்கத்தில் வைத்தார்.

சைவப் பிள்ளைகள் வரவேண்டியதில்லை. ஆயினும் சிலர் வந்து சுவரோடு சாய்ந்திருப்பார்கள். ஏன் வருகிறீர்கள் என்று கேட்டபோது ஒருத்தி, “இங்கை ஒருத்தரும் ஒண்டும் கேக்கினமில்லை” என்றாள். உண்மைதான். கேள்வி இல்லை, புள்ளி இல்லை, யாரும் முந்தவேண்டியதில்லை. காலை ஐந்து மணி தொடக்கம் மணியோடு ஓடிய எமக்கு வாரத்தில் அந்த ஒரு மணித்தியாலம் மட்டுமே ஓட முடியாததாக இருந்தது. அதை இளைப்பாறுதல் என்று அறிய எங்களுக்கு வெகுகாலம் பிடித்தது.

வழக்கங்களும் மாறின. 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பரிசுத்த வாரச் சடங்குகளைச் சீர்திருத்த, சனி காலையில் நடந்த பாஸ்காத் திருவிழிப்பு இரவுக்குப் போனது. 1966இல் ஆறாம் சின்னப்பர் ஒருசந்தியை விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் எனச் சுருக்கினார். எம்மில் இளையவர்களுக்குத் தபசுகாலம் என்றால் 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின் பாடுகளின் நாடகமே முதலில் நினைவுக்கு வரும். ஒருசந்தி குறைந்தது எங்கள் வயிற்றுக்கு நல்லதுதான். பசாம் குறைந்ததில் அப்படி ஒரு நன்மையும் காணவில்லை.

1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டவர்களிடம் பசாம் புத்தகம் எங்கே இருந்திருக்கும்? பழைய குருத்தோலையை எரித்தே விபூதிப் புதன் சாம்பல் எடுப்பது முறை. 1996 பெப்ரவரி 21, விபூதிப் புதன் வந்தபோது எங்கள் குருத்தோலைகள் பூட்டிய வீடுகளின் சுவரில் இருந்தன. நாமோ தென்மராட்சியிலும் வன்னியிலும் இருந்தோம். அந்த வெள்ளிகளில் ஒரு கொட்டிலில் எங்கள் அக்கா ஒருவர் நினைவிலிருந்தே பசாம் சொன்னார். இடையிடையே மறந்தார். மறந்த இடங்களில் காத்திருந்தோம். எங்கும் போவதற்கு அவசரமிருக்கவில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு காலையில் நடந்ததன் பின், அந்த நாளில் கோவிலுக்குள் கால் வைக்க முடியாமற் போனவர்கள் எம்மிலும் இருக்கிறார்கள். பெரிய வெள்ளிக்கு அவர்களால் போக முடிகிறது. மகிழ வேண்டாத, பேச வேண்டாத ஒரு சடங்கில் பின்வாங்கில் இருந்துவிட்டு வருகிறார்கள். அடுத்த வருடம் ஊரடங்கில் கோவில்கள் பூட்டிக் கிடந்தன. ஒல்லாந்தர் காலத்தைப் போலவே மறுபடி வீட்டில் விளக்கு வைத்துப் புத்தகத்தைத் திறந்தோம்.

அப்போதுதான் தொலைபேசியில் சேர்ந்து படிக்கும் எண்ணம் வந்தது. யாழ்ப்பாணத்தில் மாலை ஆறு மணி. இலண்டனில் பன்னிரண்டரை, ரொறன்ரோவில் காலை எட்டரை, மெல்போர்னில் இரவு பதினொன்றரை. முதல் வெள்ளி எல்லோரும் ஒன்றாகப் பாடப்போய், ஒவ்வொரு நாட்டின் குரலும் ஒவ்வொரு கணம் பிந்தி வந்து பெருங் குழப்பமாயிற்று. இப்போது ஒருவர் படிக்கிறார், மற்றவர்கள் ஒலியை நிறுத்திவிட்டுக் கேட்கிறோம். அடி முடிந்ததும் படிப்பவர் சற்று நிறுத்துவார், மெல்போர்ன்வரை போய்ச் சேரட்டும் என்று. சுவரோடு சாய்ந்திருந்த அந்தத் தோழியும் வருகிறாள். தாள்களை இரண்டாகப் புரட்டினால் முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான்.